மாலையில் எடுத்த ரத்தமும் வாழ்நாள் ஊசியும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 47. ஓராண்டாகவே காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது. வேலையில் கவனம் நிற்பதில்லை, தாம்பத்திய உறவில் நாட்டமும் குறைந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில் 11 கிலோ எடை கூடியிருக்கிறேன். என் குறட்டையைத் தாங்க முடியாமல் மனைவி சில மாதங்களாக வேறு அறையில் உறங்குகிறார். சென்ற வாரம் வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு டெசிலிட்டருக்கு 272 நானோகிராம் என்று வந்தது. இயல்பின் கீழ் எல்லை 300 என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்த மருத்துவ நிலையத்தில், அன்றைக்கே முதல் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நான் அவகாசம் கேட்டு வந்துவிட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய நண்பர் ஒருவர் இதே ஊசியைப் போட்டுக்கொண்டு, தமக்கு இருபது வயது திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் மாரடைப்பு வரும், புராஸ்டேட் புற்றுநோய் வரும் என்றும் சிலர் அச்சுறுத்துகிறார்கள். எனக்கு இது இரண்டாவது திருமணம். எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் உண்டு, அதற்கும் இந்த ஊசி துணைசெய்யும் என்று நினைக்கிறேன். தொடங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் அது முந்துகிறது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை நீங்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடக்கூடாது. அது துணைசெய்யாது என்பது மட்டுமன்று, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியது.

ஆண்மைக்குரிய ஹார்மோனைக் கொடுத்தால் ஆண்மை கூடத்தானே வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. உடல் அப்படி இயங்குவதில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளுக்கு வேலை கொடுக்கிறது. எல்.எச். வந்தால் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். எஃப்.எஸ்.எச்., விரைக்குள்ளேயே உருவாகும் டெஸ்டோஸ்டிரோனுடன் சேர்ந்து விந்தணுக்களை வளர்க்கும். விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தணுவுக்கு அந்தச் செறிவே வேண்டும். வெளியிலிருந்து ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு உயர்கிறது, தேவையான அளவு இருக்கிறது என்று மூளை கணக்கிட்டுக்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடுகிறது. அதன்பின் ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருக்க, விரைக்குள் அது வற்றிப்போகிறது. விந்தணு எண்ணிக்கை சில மாதங்களில் சரிந்து, பலருக்குப் பூஜ்யத்தையே தொடுகிறது, விரைகளும் சற்றுச் சுருங்குகின்றன. இது இவ்வளவு உறுதியான விளைவு என்பதால்தான், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து, அதன் முடிவுகளை 1990இல் வெளியிட்டது.

மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு விந்தணுக்கள் திரும்புகின்றன. ஆனால் அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கலாம், சிலருக்கு இரண்டாண்டுகளும் ஆகலாம். வயது கூடக் கூட, ஊசி போட்ட காலம் நீள நீள, மீட்சி தாமதமாகும். 47 வயதில் குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் காலம் சிறியதன்று. உங்கள் மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை. அதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே ஹார்மோன் குறைவு இருப்பதாகப் பின்னர் உறுதியானாலும், விரைகளை உறங்கவைக்காமல் தூண்டிவிடும் வேறு மருந்துகள் உள்ளன. எச்.சி.ஜி. ஊசி எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும். குளோமிஃபீன் மாத்திரை மூளையைத் தூண்டி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் கூட்டும்; ஆண்களுக்கென்று முறையாக ஒப்புதல் பெற்ற பயன்பாடு அல்ல என்றாலும் வல்லுநர்கள் இதைக் கவனத்துடன் கொடுப்பதுண்டு. உங்கள் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, பிள்ளை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை எடுத்தவர்கள்மீது எனக்கு உள்ள வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து அந்த 272 என்ற எண்ணுக்கு வருகிறேன். டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உறக்கத்தில் உயர்ந்து, விடியற்காலையில் உச்சத்தை அடைந்து, பொழுது சாயச் சாய இறங்குகிறது. உணவு உண்டபின்னும் குறைகிறது. நீங்கள் நாள் முழுவதும் உழைத்துவிட்டு, இடையில் உண்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். அதே உடலில் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்திருந்தால் அந்த எண் 300ஐத் தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே மனிதருக்கு ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் வேறுபாடும் உண்டு. ஆகவேதான், காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், உண்ணாமல், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்த்து, இரண்டிலும் குறைந்திருந்தால் மட்டுமே குறைவு என்று ஏற்க வேண்டும் என்பது விதி. காய்ச்சலோ வேறு கடும் நோயோ வந்து தேறும் காலத்திலும் இப்பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டும்.

கீழ் எல்லை என்பதும் வானத்திலிருந்து விழுந்த கோடு அன்று. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 300 என்ற எண்ணைக் கொள்கிறது. அதே ஆண்டில் அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலோ, பருமனற்ற இளம் ஆண்களின் அளவுகளை வைத்து 264 என்ற எண்ணைச் சொல்கிறது. உங்கள் 272 ஒரு கணக்கில் குறைவு, மற்றொரு கணக்கில் இயல்பு! இப்படி எல்லையில் நிற்கும் அளவுக்கு, மொத்த டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ரத்தத்தில் இந்த ஹார்மோனின் பெரும்பகுதி புரதங்களுடன் பிணைந்தே ஓடுகிறது. அவற்றுள் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. திசுக்களுக்கு எளிதில் கிடைப்பது பிணைப்பில்லாத சிறு பங்கே. உடல் எடை கூடினால் எஸ்.எச்.பி.ஜி. குறையும், அதனால் மொத்த அளவு தாழ்ந்து தெரிந்தாலும் பிணைப்பற்ற பங்கு இயல்பாகவே இருக்கலாம். உங்களுக்கு 11 கிலோ கூடியிருப்பதால் இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அன்று.

குறைவு உறுதியானால், ஏன் குறைந்தது என்ற கேள்வி வரும். அதற்கு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரியின் மற்றொரு ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்.எச். உயர்ந்திருந்தால் பழுது விரையில் இருக்கிறது. மூளை கத்துகிறது, விரை கேட்கவில்லை என்று பொருள். எல்.எச். தாழ்ந்தோ, உயர வேண்டிய நேரத்தில் உயராமலோ இருந்தால் பழுது மேலே இருக்கிறது. பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி இருந்து புரோலாக்டினைக் கூட்டி டெஸ்டோஸ்டிரோனை அடக்கிவைத்த நோயாளிகள் உண்டு. அவர்களுக்குத் தேவை டெஸ்டோஸ்டிரோன் ஊசி அல்ல, அந்தக் கட்டிக்கான மருந்து. உடலில் இரும்புச்சத்து மிகுந்து படியும் நோயும் இப்படிச் செய்யும். ஊசியை முதலில் போட்டுவிட்டால் எல்.எச். அடங்கிவிடுவதால், இந்த வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பே போய்விடுகிறது. அன்றைக்கே ஊசி என்பதில் எனக்கு உள்ள இரண்டாவது மறுப்பு இது.

ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, நடுவயதுக் களைப்பு எல்லாவற்றையும் ஹார்மோன் கணக்கில் எழுதும் வழக்கத்துக்கு ஒரு கடிவாளம் போட்டது. எத்தனையோ அறிகுறிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஹார்மோன் குறைவோடு திடமாக ஒட்டி நின்றவை மூன்றே: காலை நேர விறைப்பு அரிதாவது, பாலுறவு நாட்டம் குறைவது, உறவின்போது விறைப்பு போதாமலிருப்பது. இம்மூன்றும் இருந்து, அளவும் குறைந்து, உண்மையான குறைபாடு என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு 2.1 பேர் மட்டுமே. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கூச்சத்தால் விட்டிருந்தால், மருத்துவரிடம் நேரில் அதைச் சொல்லிவிடுங்கள். களைப்பும் கவனக்குறைவும் தைராய்டு குறைவு, ரத்தசோகை, சர்க்கரை நோய், மனச்சோர்வு என்று எதனாலும் வரக்கூடியவை, அவற்றுக்கான பரிசோதனைகள் எளியவை.

ஆனால் எனக்கு மிகவும் ஐயம் தருவது உங்கள் குறட்டை. பக்கத்து அறைக்கு ஆளைத் துரத்தும் குறட்டை, கூடிய எடை, எழும்போதே களைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால், உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்பட்டு மீளும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோயைத்தான் முதலில் தேட வேண்டும். இரவு முழுவதும் தொண்டை அடைத்து அடைத்துத் திறக்கும்போது, உறக்கம் துண்டுதுண்டாக உடைகிறது, உறக்கத்தில் உயர வேண்டிய டெஸ்டோஸ்டிரோனும் உயராமல் போகிறது. உறங்கும்போது மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு திணறலுடன் மீள்கிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் பல பரிசோதனைகளுக்குச் சமம். இந்நோய்க்குச் சிகிச்சை செய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பது அதை மேலும் மோசமாக்கக்கூடும் என்பதால், கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு அது சரியாகும்வரை ஊசி கொடுப்பதில்லை. உங்கள் களைப்புக்குக் காரணம் இதுவாக இருந்து, ஊசியும் போட்டிருந்தால், நோயை வளர்த்துவிட்டு மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எடையும் இதே வட்டத்தில்தான் சுழல்கிறது. வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, மூளையிலிருந்து வரும் தூண்டுதலையும் மந்தமாக்குகிறது. ஹார்மோன் குறைந்தால் தசை குறைந்து கொழுப்பு மேலும் ஏறுகிறது. இந்த வட்டத்தை எந்த முனையில் உடைப்பது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் தானாக உயர்கிறது, குறட்டையும் தணிகிறது, விந்தணுவுக்கும் பழுதில்லை. நீண்டகாலமாக உண்ணும் ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இந்த ஹார்மோனைத் தாழ்த்தும் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நண்பரைப் பற்றி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் புழங்கும் அளவுகள், குறைபாட்டை ஈடுசெய்யும் அளவைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். அது சிகிச்சை அன்று. தவிர, இளமை திரும்பியதாக உணர்வது என்பது மிகப் பழைய கதை. 1889இல் பிரெளன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர் தமது 72ஆம் வயதில், விலங்குகளின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியால் ஏற்றிக்கொண்டு, வலிமை திரும்பிவிட்டதாகப் பாரிசில் அறிஞர்கள் அவையில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரையாது. அவர் ஏற்றிக்கொண்ட சாற்றில் அது இருந்திருந்தாலும் ஒன்றுக்கும் போதாத துளிதான். உண்மையான ஹார்மோன் தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1935இல். அவ்வளவு கூர்மையான ஆய்வாளரையே நம்பிக்கை ஏமாற்றியது என்பதால்தான், மருந்துபோலவே தோன்றும் மருந்தற்ற போலியுடன் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் நாங்கள் நம்புகிறோம்.

அத்தகைய ஆய்வுகள் சொல்வது நிதானமானது. 65 வயதைக் கடந்த, அளவு உண்மையிலேயே குறைந்த 790 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வுகளில், பாலுறவு நாட்டமும் செயல்பாடும் ஓரளவு கூடின; களைப்போ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. உங்கள் கடிதத்தின் முதல் முறையீடே களைப்புதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பயன் கிடைப்பவர்களுக்கும் எல்லாம் ஒரே வாரத்தில் வருவதில்லை. நாட்டம் மூன்று முதல் ஆறு வாரங்களில் மாறத் தொடங்கும், தசை, கொழுப்பு மாற்றங்களுக்கு மூன்று நான்கு மாதங்கள் வேண்டும், எலும்பின் அடர்த்திக்கு ஆறு மாதங்களுக்கு மேல்.

மாரடைப்பு அச்சத்துக்கு இப்போது தெளிவான விடை ஒன்று இருக்கிறது. இதய நோய் உள்ள அல்லது அதற்கான அபாயம் மிகுந்த, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட, ஹார்மோன் குறைந்த 5,200 ஆண்களிடம் நடத்திய டிராவர்ஸ் என்ற ஆய்வு 2023இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்த்து, டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களில் 7.0 விழுக்காட்டினருக்கும், போலி ஜெல் பூசியவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன, வேறுபாடு இல்லை. ஆயினும், இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது, நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பது, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. இதே ஆய்வில் எலும்பு முறிவுகளும், எதிர்பார்த்ததற்கு மாறாக, மருந்து பெற்றவர்களிடம் அதிகம் காணப்பட்டன. மேலும், அந்த ஆய்வில் அளவை இயல்பு வரம்புக்குள் வைத்திருக்கத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருந்தார்கள். அதன் ஆறுதலை உங்கள் நண்பரின் ஊசிக்குக் கடன் கொடுக்க முடியாது.

புராஸ்டேட்டைப் பொறுத்தவரை, ஹார்மோன் புதிதாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏற்கெனவே மறைந்திருக்கும் புற்றுநோய்க்குத் தீனி போட்டுவிடக் கூடாது என்பதே கவலை. ஆதலால் தொடங்கும் முன், புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வை ரத்தத்தில் பார்த்து, அது மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேலிருந்தால், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கு 3க்கு மேலிருந்தால், சிறுநீரியல் மருத்துவர் பார்த்துத் தெளிவுபடுத்தும்வரை தொடங்குவதில்லை.

இவற்றைவிட அன்றாடம் நாங்கள் சந்திக்கும் சிக்கல், ரத்தம் கெட்டிப்படுவது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தத்தில் அவை வகிக்கும் பங்கை ஹீமட்டோகிரிட் என்கிறோம். அது 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, காரணம் தேடி, இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆயிரம் ஆண்களிடம் இரண்டாண்டுகள் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த எல்லையைத் தொட்டனர். சர்க்கரை நோய் வருவதை அந்த ஊசி குறைத்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான் என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்; ஆனால் இரு தரப்பினருமே எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்கள். ஸ்லீப் ஆப்னியாவும் தனியே சிவப்பணுக்களைக் கூட்டக்கூடியது என்பதால், உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்த அபாயம் இரட்டிப்பாகிறது. சிகிச்சை தொடங்கியவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ஹீமட்டோகிரிட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்தின் வடிவங்களைப் பற்றி இப்போது விரிவாக எழுதத் தேவையில்லை. ஒன்று இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி, போட்ட சில நாட்களில் உச்சத்துக்கு ஏற்றி, அடுத்த ஊசிக்குள் இறக்கிவிடும். மனநிலையும் அதோடு ஏறி இறங்குவதாகப் பலர் சொல்வார்கள். தினமும் பூசும் ஜெல் சமனாக இருக்கும், ஆனால் பூசிய தோல் படும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து ஒட்டிக்கொள்ளும்.

நிறுத்துவதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். இச்சிகிச்சை உங்கள் சுரப்பின்மேல் சிறிது கூட்டிக் கொடுப்பதன்று, உங்கள் சுரப்பை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் வந்து அமர்வது. நிறுத்தினால் சொந்தச் சுரப்பு விழிக்கப் பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கீழான நிலையில் உழல நேரிடும். அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, மருந்து இல்லாமல் தம்மால் வாழவே முடியாது என்று முடிவுகட்டி, தேவையில்லாமல் தொடங்கிய ஒன்றை விடவும் முடியாமல் இருப்பவர்களை நான் பார்த்து வருகிறேன்.

நான் இச்சிகிச்சைக்கு எதிரி அல்லன். பிட்யூட்டரியோ விரையோ பழுதுபட்டு, இரண்டு காலைகளிலும் அளவு தெளிவாகத் தாழ்ந்து, அதற்குரிய அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு இது வாழ்க்கையை மீட்டுத் தருவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களிடம் தயங்காதீர்கள் என்றே சொல்கிறேன். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கும், எடையும் உறக்கமும் சீரானபின் அறிகுறிகள் நீடித்தால், பிள்ளைப்பேறு முடிந்திருந்தால், ஆறு மாதச் சோதனையாகக் கொடுத்து, பயனில்லையென்றால் நிறுத்திவிடுவேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஊசிக்கான அழைப்பை மறுத்துவிடுங்கள். விந்துப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். குழந்தை பற்றிய பேச்சு எதுவானாலும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். உறக்கப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு காலைகளில், வெறும் வயிற்றில், மொத்த டெஸ்டோஸ்டிரோனும் எஸ்.எச்.பி.ஜி.யும் பாருங்கள், இரண்டாவது முறை எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாள்களுடன் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். எனக்கு மீண்டும் எழுதுவதாக இருந்தால், எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தீர்கள் என்பதையும், உறக்கத்தில் மூச்சு நிற்பது பற்றி உங்கள் மனைவி சொன்னதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.